கப்பிங் வைத்த இடம் கறுத்தால் கெட்ட ரத்தமா?

கேள்வி, 3 ஜூன் 2024

அப்பாவுக்கு 66 வயது. வலது தோளில் சில மாதங்களாக வலி. சட்டை மாட்டும்போது கை பின்னால் போகவே மாட்டேன் என்கிறது. எங்கள் ஏரியாவில் ‘சீன முறை கப்பிங்’ என்று போர்டு போட்ட ஓர் இடத்துக்குப் போய் வந்தார். தோலில் கப்பைக் கவிழ்த்து ஒட்டவைத்து இழுப்பார்களே, அதுதான். தோளிலும் முதுகிலும் கத்தரிக்காய் நிறத்தில் வட்டம் வட்டமாக இருக்கிறது. “எவ்வளவு கறுப்பாக வருகிறதோ அவ்வளவு கழிவு உள்ளே இருந்திருக்கிறது, இன்னும் சில சிட்டிங் வந்தால் வெளுத்துவிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை கீறி ரத்தமும் எடுப்பார்களாம். வலி கொஞ்சம் குறைந்ததாக அப்பா சொல்கிறார். சீனாவில் இப்படித்தான் செய்கிறார்களா? கறுப்பு என்றால் கெட்ட ரத்தம்தானா?

3 ஜூன், இரவு

நான் தியான்ஜினில் எம்.பி.பி.எஸ். படித்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அங்கே சீன மருத்துவம் ஒரு பாடம். ஆஸ்பத்திரியின் சீன மருத்துவப் பிரிவில் நின்று பார்க்க விடுவார்கள். அங்கே பார்த்ததையும் அப்புறம் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கறுப்பாகத் தெரிவது ரத்தக்கட்டு. கப்புக்குள் அழுத்தம் குறைவதால் தோல் மேலே இழுபடுகிறது. அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சில உடைந்து ரத்தம் திசுவுக்குள் கசிகிறது. கதவில் இடித்துக்கொண்டால் வருவதும் இதேதான். கசிந்த ரத்தம் உடம்பை விட்டு எங்கேயும் போகவில்லை. வரும் நாட்களில் உடம்பே அதைச் சிதைத்து எடுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் முதலில் பச்சையான பிலிவெர்டினாகும், பிறகு மஞ்சளான பிலிரூபினாகும், கடைசியில் கல்லீரல் வழியாகக் கழியும். அப்பா முதுகைத் தினமும் பாருங்கள், வட்டங்கள் இந்த வரிசையில் நிறம் மாறி மறையும். இப்போது அங்கே இருப்பது கப் வைப்பதற்கு முன் அவர் ரத்தக்குழாயில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரத்தம்.

அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? சர்க்கரைக்கு, இதயத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது உண்டா? இதை முதலில் சொல்லுங்கள். அதுவரை கீறி ரத்தம் எடுக்க விடவேண்டாம்.

4 ஜூன்

மாத்திரை விவரம் இன்னும் வரவில்லை. அதற்குள், சீனாவில் இப்படித்தானா என்ற கேள்விக்கு.

நான் நின்று பார்த்த அறையில் வரிசையாகக் கட்டில்கள், இடையிடையே துணித் திரை. தள்ளுவண்டியில் சின்னதும் பெரிதுமாகக் கண்ணாடிக் கப்புகள், 95 சதவீத ஆல்கஹால், பஞ்சு, நீளமான ஃபோர்செப்ஸ், எரியும் பஞ்சைப் போட்டு அணைக்க ஒரு குறுகிய வாய் ஜாடி. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள். முதுகைத் திறந்து படுத்திருப்பவர் மேல் குளிர்காற்று பட்டால் வைத்தியம் வீண் என்பது அவர்கள் நம்பிக்கை.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் மருத்துவர். நோயாளி வந்து உட்கார்ந்ததும் கப்பை எடுக்கமாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டு கையிலும் நாடி பார்ப்பார். தூக்கம், வியர்வை, மலம், எந்த வேலை, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்று கேட்டுக்கொண்டே போவார். அப்புறம் முதுகில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நோயாளி முகம் சுளிக்கும் இடத்தில் நிறுத்துவார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உயிராற்றல் ஓடுவதாக அவர்கள் சொல்லும் சிறுநீர்ப்பைத் தடத்தில்தான் கப் பெரும்பாலும் உட்காரும்.

பஞ்சை ஆல்கஹாலில் நனைத்ததும் நன்றாகப் பிழியச் சொல்வார். சொட்டும் பஞ்சுதான் தீக்காயத்துக்கு முதல் காரணம். கப்பின் விளிம்பில் தீ படக்கூடாது, நடுவில் ஒரே சுற்று, வெளியே எடு, உடனே கவிழ்த்து வை. விளிம்பு சூடானால் தோலில் வட்டமாகச் சூடு போட்ட மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் போல விடுவார், சதை குறைந்த இடத்தில் அதற்கும் குறைவு. இடையில் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பார். தோல் நிறம் வேகமாகக் கறுத்தால் நேரம் ஆகாவிட்டாலும் கழற்றிவிடுவார். ‘இன்னும் கறுக்கட்டும்’ என்று அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

கப் வைக்காமல் அவர் திருப்பி அனுப்பியவர்கள்தான் எனக்கு அதிகம் நினைவில் இருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்குப் பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்ட ஒரு முதியவர், கப் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மருத்துவர் அவருடைய முழங்கைக்குக் கீழே தோலை மெதுவாகக் கிள்ளிப் பார்த்தார், காகிதம் மாதிரி மெல்லிசு, அங்கங்கே ஊதாத் திட்டுகள். கம்பளியைப் போர்த்தி வெப்ப விளக்கைத் தோளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தத் தாத்தா கோபமாக முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

சீனா முழுக்க இப்படி என்று சொல்லமாட்டேன். மசாஜ் கடையிலும் வைக்கிறார்கள், வீட்டில் மாமியாருக்கு மருமகள் வைக்கிறாள். மருந்துக்கடையில் பம்ப் வைத்த பிளாஸ்டிக் செட் பெட்டி பெட்டியாக இருக்கும். ‘ஊசியும் கப்பும் வைத்தால் பாதி நோய் போயிற்று’ என்று எதுகையோடு ஒரு பழமொழியே உண்டு. ஆனால் முறை தெரியாமல் செய்பவர்கள் அங்கேயும் பிரச்சினைதான். 2008இல் குத்தூசி சிகிச்சைக்கான தேசியத் தர விதிகளில் கப்பிங்குக்கென்று தனியாக ஒரு பகுதி வெளியிட்டார்கள். தீயை எப்படிக் கையாள்வது, யாருக்கு வைக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் வருகிறது.

5 ஜூன்

‘தீ ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் கப் ஒட்டுகிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மெழுகுவர்த்தியும் தண்ணீர்த் தட்டும் வைத்து நமக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். முக்கியமான காரணம் சூடுதான். சூடான காற்று விரிந்து கப்பிலிருந்து வெளியேறுகிறது. கவிழ்த்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆக்ஸிஜன் எரிந்தாலும் அதற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் உண்டாகின்றன.

சந்தேகம் இருந்தால் மூங்கில் கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் மூலிகைத் தண்ணீரில் வேகவைத்து, உதறி, துணியில் ஒற்றி, அப்படியே தோலில் வைப்பார்கள். தீயே இல்லை, ஆனாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து நீராகிவிடுவதால்.

7 ஜூன்

மாத்திரைப் பட்டியல் வந்துவிட்டது: மெட்ஃபார்மின், அட்டார்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இனி அந்த இடத்துக்கு அனுப்பவேண்டாம். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன, ஸ்டென்ட் அடைபடாமல் இருப்பதே அதனால்தான். அப்படிப்பட்டவருக்கு இழுவை வைத்தால் கறுக்கத்தான் செய்யும். முதுகு அவ்வளவு கறுத்ததில் பெரும்பங்கு இந்த இரண்டு மாத்திரைகளுடையதாக இருக்கலாம். கழிவு என்று அவர்கள் காட்டியது மருந்து வேலை செய்வதன் விளைவாகவே இருக்கலாம்.

கீறி ரத்தம் எடுப்பது கூடவே கூடாது. அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, கீறிய இடத்தில் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ‘கப்பிங்குக்காக மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திக்கொள்ளலாமா’ என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, தயவுசெய்து ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் சொந்தமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். மாத்திரை பற்றிய முடிவு எதுவானாலும் இதய மருத்துவர் மட்டும் எடுக்கவேண்டியது. தோள் வலிக்கு ஆர்த்தோவிடம் காட்டுங்கள். கை பின்னால் போகவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

7 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

கீறி எடுத்த ரத்தம் கப்புக்குள் ஜெல்லி மாதிரி கெட்டியாகிக் கிடக்கும் படம் ஒன்றை இன்னொருவர் போட்டு, இது நல்ல ரத்தமா என்று கேட்கிறார். வெளியே எடுத்த ரத்தம் சில நிமிடங்களில் உறையும். யார் ரத்தமானாலும் அப்படித்தான். உறைவது அதன் வேலை. அடிக்கடி இப்படி எடுத்து இரும்புச்சத்து இறங்கி ரத்தசோகையோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

10 ஜூன்

‘ஐயாயிரம் வருடப் பழமை, சும்மாவா இருக்கும்’ என்ற வாதம் வந்துவிட்டது. பழமை எனக்கும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ஹுனான் மாகாணத்தில் சாங்ஷா நகரத்துப் பக்கம் மாவாங்டுயி என்ற இடம். அங்கே கி.மு. 168இல் மூடிய ஒரு கல்லறையை 1973இல் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அதில் மூல நோய்க்குச் சிறிய விலங்குக் கொம்பைக் கப் மாதிரி வைத்து இழுத்து, பிறகு அறுக்கும் முறை இருக்கிறது. சீனாவில் எழுத்தில் கிடைத்திருக்கும் பழைய சான்று அது. ஐயாயிரம் ஆகாது, ஆனாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் சின்ன விஷயமா?

கி.பி. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்டுபிடித்து 2015இல் நோபல் பெற்ற டூ யோயோவுக்குத் துப்பு கொடுத்தது இவருடைய குறிப்புதான்: மூலிகையைக் கொதிக்கவைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார். அதே கே ஹொங் கொம்பு வைப்பதைப் பற்றியும் பேசுகிறார். எனக்குப் பிடித்தது அவருடைய எச்சரிக்கை. சில வகைக் கட்டிகளிலும் கழலைகளிலும் ஊசியோ கொம்போ வைக்காதே, வைத்தால் கேடு வராமல் தப்புவது அரிது என்கிறார். அப்போதே ‘யாருக்கு வேண்டாம்’ என்ற பட்டியல் இருந்திருக்கிறது பாருங்கள். பழமையைக் காட்டிக் கடை நடத்துபவர்கள் இந்தப் பாதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

தாங் அரச வம்சக் காலத்து (7–10ஆம் நூற்றாண்டு) அரண்மனை மருத்துவக் கழகத்தில் கொம்பு வைத்தியம் தனிப் பிரிவாகவே இருந்தது. குழந்தை மருத்துவம், புண் மருத்துவம் மாதிரி அதற்கும் மாணவர்கள். கி.பி. 752இல் வாங் தாவ் தொகுத்த பெருநூலில் மூங்கில் குழாயை வேகவைத்து வைக்கும் முறை வருகிறது, 5ஆம் தேதி நான் சொன்னதேதான். இந்தக் காலத்தில் வைக்கும் தீக் கப்பைப் பற்றிச் சிங் அரச வம்சக் காலத்து மருந்தறிஞர் ஜாவ் ஷ்யூமின் 18ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார்.

கொம்பு எப்போது கண்ணாடியாயிற்று என்று கேட்டவருக்கு: கொம்பு, மூங்கில், சுட்ட மண், அப்புறம் கண்ணாடி. கண்ணாடி வந்தபிறகுதான் உள்ளே தோல் என்ன ஆகிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடிந்தது. அது பெரிய பாதுகாப்பு.

11 ஜூன்

கொம்பு என்றதும் நம் ஊர் ஞாபகம் பலருக்கும் வந்திருக்கிறது. ஆமாம், சுஸ்ருத சம்ஹிதையில் ரத்தம் வாங்க மாட்டுக் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை மூன்றும் உண்டு. வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளிலும் உறிஞ்சல் என்று ஒன்று இருக்கிறது. அரபு நாட்டு ஹிஜாமா, ரஷ்ய வீடுகளில் சளிக்கு வைத்த சின்னக் கண்ணாடிச் சிமிழ்கள், கிரேக்கர்கள் வைத்த வெண்கலக் கப், எல்லாம் ஒரே இழுவைதான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்கவேண்டாம். வலிக்கிற இடத்தை வாயால் உறிஞ்சிப் பார்க்காத ஊர் எது?

15 ஜூன்

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

2012இல் சீன ஆய்வாளர்கள் 135 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அக்கி, முகவாதம், முகப்பரு, கழுத்து எலும்புத் தேய்மானம் ஆகியவற்றில் மற்ற சிகிச்சையோடு கப்பிங்கையும் சேர்த்தால் பலன் இருக்கலாம் என்று வந்தது. ஆனால் பெரும்பாலான சோதனைகள் தரம் குறைந்தவை என்றும் அவர்களே எழுதினார்கள்.

பெரிய சிக்கல், போலிக் கப் செய்வது எப்படி என்பது. மாத்திரையில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஏமாற்றலாம், முதுகில் கப் ஒட்டியிருக்கிறதா என்பது நோயாளிக்குத் தெரியுமே. அதற்காகக் கப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டை போட்டார்கள். வைத்ததும் பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக இழுவை போய்விடும். 2016இல் ஜெர்மனியில் ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாள்பட்ட தசை வலி) நோயாளிகள் 141 பேரிடம் இப்படிச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிடக் கப் வைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் தேவலை. ஆனால் ஓட்டைக் கப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாக இல்லை. 2021இல் பிரேசிலில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 90 பேருக்கு வாரம் ஒரு முறை எட்டு வாரம் வைத்தார்கள். அதிலும் உண்மைக் கப் போலிக் கப்பை வெல்லவில்லை.

16 ஜூன்

நேற்று எழுதியதை ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு ‘அப்போ எல்லாம் ஏமாற்று’ என்று ஒருவர் முடித்துவிட்டார். அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை.

தேர்வு நேரங்களில் குனிந்து படித்துக் கழுத்து இறுகும்போது அதே மருத்துவரிடம் நானும் படுத்திருக்கிறேன். எண்ணெய் தடவி, கப்பை ஒட்டவைத்து, மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே போவார், ‘நடக்கும் கப்’ என்று பெயர். முதல் சுற்றில் பல்லைக் கடிக்கவேண்டியிருக்கும். நாலைந்து சுற்றில் முதுகு முழுக்கச் சூடு பரவி, தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் இறங்கும். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். அந்த நிம்மதி எனக்கு நிஜம். உங்கள் அப்பா வலி குறைந்தது என்று சொல்வதையும் நான் நம்புகிறேன்.

எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. குப்புறப் படுத்து ஓய்வு, சூடு, ஒரு கை தொட்டு அக்கறையாகப் பார்ப்பது, தோலில் ஏற்படும் புதிய வலி பழைய வலியைக் கொஞ்ச நேரம் மறைப்பது, எல்லாம் சேர்ந்திருக்கும். ஓட்டைக் கப்பிலும் இதில் பெரும்பகுதி கிடைக்கிறது. அப்படியானால் கறுக்கிற அளவுக்கு இழுப்பதற்குக் காரணம் என்ன? மெல்லிய இழுவையில் கிடைக்கும் நிம்மதியே போதும் என்றால் ரத்தக்கட்டு தேவையில்லை. என் ஆட்சேபம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கறுப்பை வைத்து விலை பேசுகிறார்கள், கறுக்கும்வரை இழுக்கிறார்கள், இழுவையைத் தாங்கமுடியாத உடம்புதான் சீக்கிரம் கறுக்கிறது.

3ஆம் தேதிக் குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். சீனப் பாடநூல்களும் நிறத்தைப் படிக்கின்றன: அடர் ஊதா என்றால் ரத்தத் தேக்கமும் குளிரும், வெளிறி இருந்தால் பலவீனம், கொப்புளம் வந்தால் ஈரம். அந்த மருத்துவரும் வட்டத்தைப் பார்ப்பார். ஆனால் நாக்கு, நாடி, பேச்சு எல்லாம் பார்த்தபிறகு கடைசியாக. வட்டத்தை மட்டும் பார்த்து நோய் சொன்னதில்லை.

கொப்புளம் பற்றி ஒரு வரி. வெண்புள்ளிக்குத் தோல் ஒட்டு வைக்கும்போது தோல் மருத்துவர்கள் வேண்டுமென்றே இழுவை வைத்துக் கொப்புளம் எழுப்புகிறார்கள், மேல்தோலைத் தனியாக உரித்தெடுக்க. நேரமும் இழுவையும் போதுமான அளவு இருந்தால் ஆரோக்கியமான தோலிலும் அது வரும். உடம்பின் ஈரம் வெளியே வருகிறது என்று சொன்னால் நம்பவேண்டாம்.

22 ஜூன்

ஆர்த்தோ பார்த்துவிட்டார், ஃப்ரோசன் ஷோல்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. அதனால் மற்றவர் தூக்கிவிட்டாலும் கை போகாது. முதுகுத் தோலை எவ்வளவு இழுத்தாலும் ஆழத்தில் இருக்கும் அந்த உறை தளராது. தானாகச் சரியாக ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம், ஆனால் பயிற்சி செய்தால் கை அசைவு மெதுவாகத் திரும்பும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

29 ஜூலை

பாரிஸ் ஒலிம்பிக்கில் வீரர்கள் முதுகு வட்டங்களைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வி பதில் இழை மறுபடி மேலே வந்திருக்கிறது. 2016இல் ரியோவில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பேசினார்கள். அதற்கு முன் 2008 பெய்ஜிங்கில் வாங் ச்சுன் என்ற சீன நீச்சல் வீராங்கனை முதுகு நிறைய வட்டத்தோடு நீந்தினார். ஃபெல்ப்ஸ் வென்றது கப்பினாலா என்று கேட்காதீர்கள், கப் வைத்துக்கொண்டு தோற்றவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. இருபது வயது விளையாட்டுக்காரருக்கு ரத்தக்கட்டு ஒரு பொருட்டே இல்லை, பக்கத்தில் மருத்துவக் குழுவும் நிற்கிறது. அவர் முதுகைக் காட்டி 66 வயது ஸ்டென்ட் நோயாளியைப் படுக்கவைப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

4 ஆகஸ்ட்

பம்ப் செட் வாங்கி வீட்டில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு. இளவயது, வேறு நோய் இல்லை, முதுகில் சாதாரணப் பிடிப்பு என்றால் பம்ப் கப் தீக் கப்பைவிடப் பாதுகாப்பு. ஒன்றிரண்டு இழுப்பு போதும், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கழற்றும்போது பிடுங்காதீர்கள், வால்வைத் திறங்கள். கண்ணாடிக் கப் என்றால் விளிம்பை ஒட்டி விரலால் தோலை அழுத்தினால் காற்று புகுந்து தானாக விட்டுவிடும். கழுத்தின் முன்பக்கம், தொடையிடுக்கு, புடைத்துச் சுருண்ட ரத்தநாளம், புண், மச்சம் எதன் மேலும் வேண்டாம். கர்ப்பிணிக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் கப்பைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கப் வைத்த வட்டத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம்.

4 ஆகஸ்ட், மாலை

அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு. ஃபிசியோ தெரபிஸ்ட் சிலிகோன் கப் வைக்கட்டுமா என்று கேட்டாராம். க்ளோபிடோக்ரெல் ஓடும்வரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாத்திரைப் பட்டியலையும் அவரிடம் காட்டுங்கள், அவர் புரிந்துகொள்வார். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டுவது, இரண்டும் காலையும் மாலையும். அதற்கு முன் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரையால் அவருக்குச் சூடு உறைக்காமல் போகலாம், அதனால் பையை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் தோளில் வையுங்கள்.